வெற்றிலை மடிப்பு

காலை ஏழரைக்கு மூன்றாம் மாடியில் யாரும் இருக்க மாட்டார்கள். குளோரியா ஜன்னல்களைத் திறப்பாள். விளக்கைப் போடாமல், அந்த வெளிச்சத்திலேயே குப்பைக்கூடைகளிடம் போவாள். பதினெட்டு மேஜைகளுக்குப் பதினெட்டு கூடைகள். முன்பெல்லாம் ஒவ்வொன்றையும் பையில் கவிழ்த்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடுவாள். இந்த ஒரு மாதமாக ஒவ்வொரு கூடையின் முன்னும் குந்தி உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, காகிதங்களுக்கு நடுவே விரல்களை விட்டுத் துழாவுகிறாள். சிப்ஸ் கவர் கண்ணில் படுவதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். கிழித்துப் போட்ட காகிதம் தொட்டால் மசியும். கவர் மசியாது, நொறநொறவென்று எதிர்த்துப் பேசும்.

அன்று ஏழு அகப்பட்டன. நான்கு சிப்ஸ், ஒரு மிக்சர், ஒரு பிஸ்கட். ஏழாவது, பப்ஸ் வைத்த காகிதப் பெட்டி. அதைக் கிழித்துக் காகிதத்தோடு சேர்த்துவிடலாம். மற்ற ஆறையும் புடவை முந்தானையில் சுருட்டிக்கொண்டு, லிஃப்ட் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, படிக்கட்டுக்கு அடியிலிருந்த தன் துடைப்ப அறைக்குள் போனாள்.

லிஃப்ட் பக்கம்தான் அந்த அறிவிப்பு ஒட்டியிருந்தது. உடம்புக்குக் கேடான தின்பண்டங்கள் இனி இந்தக் கட்டடத்துக்குள் கூடாது, அரசு அலுவலகம் பொதுமக்களுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் போட்டிருந்தார்கள். கேன்டீனில் நாலு மணி பஜ்ஜி நின்றது. மீட்டிங்குகளில் சமோசா போய் வெள்ளரித் துண்டும் முளைகட்டிய பயறும் வந்தன. குளோரியாவுக்கு அது நல்ல காரியமாகத்தான் பட்டது. அவள் புருஷன் ஓஸ்வால்ட் அடுகோடி வெல்டிங் பட்டறையில் இருந்த காலத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பதிலாக இரண்டு பொட்டலம் காராசேவும் டீயும்தான். இப்படி ஒரு காகிதத்தை அந்தப் பட்டறைச் சுவரில் யாராவது ஒட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆனால் உத்தரவு போட்டவர்களால் ஆபீசர்களின் மேஜை டிராயரைத் திறந்து பார்க்க முடியுமா? கைப்பையைத் தடவ முடியுமா? குப்பையைப் பார்க்கலாம். குப்பைக்கு மானம் இல்லை. ஆகவே வெள்ளிக்கிழமை தோறும், கட்டடத்தின் பின்னால் ஜெனரேட்டர் பக்கம், ஒவ்வொரு மாடியின் குப்பைப் பையையும் பிரித்துக் கொட்டினார்கள். இதற்கென்றே போட்ட கமிட்டிக்காரர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். எந்த மாடிப் பையில் கவர் கிடந்ததோ அந்த மாடிக்குக் கீழ்த்தளத்துப் போர்டில் சிவப்புப் புள்ளி. முதல் வெள்ளியன்றே மூன்றாம் மாடிக்குச் சிவப்பு விழுந்தது. செக்ஷன் சூப்பரிண்டெண்ட் மமதா மேடத்தை மேலே கூப்பிட்டார்கள். அவள் திரும்பி வந்தபோது முகம் சுண்டியிருந்தது. அன்று சாயங்காலம், எல்லோரும் போனபின், குளோரியாவை அழைத்தாள். மேடம் கோலார் பக்கம் வளர்ந்தவள். தமிழ் நன்றாகவே வரும்.

"குளோரியா, நம்ம ஃப்ளோர்லேருந்து ஒண்ணும் கீழ போகக் கூடாது. புரிஞ்சுதா?"

புரிந்தது என்று தலையாட்டினாள். கீழே போகக் கூடாது என்றால் எங்கே போக வேண்டும் என்பதை மேடம் சொல்லவில்லை. குளோரியாவும் கேட்கவில்லை.

வெளியே கொண்டுபோக வழியில்லை. எப்போதோ ஒரு பிரின்டர் மை டப்பா காணாமல் போனதிலிருந்து, துப்புரவுக்காரர்கள் போகும்போது கேட்டில் பையைத் திறந்து காட்டித்தான் ஆக வேண்டும். எரித்தால் புகை வரும். கக்கூஸில் போட்டுத் தண்ணீர் விட்ட நான்காம் மாடிக்காரியின் கதை எல்லோருக்கும் தெரியும். அடைத்துக்கொண்டு, பிளம்பர் வந்து, கம்பியால் இழுத்தபோது ஒரு மாடியே நின்று வேடிக்கை பார்த்தது. அதனால் துடைப்ப அறையில், பினாயில் கேன்களுக்குப் பின்னால் இருந்த ஒரு அட்டைப்பெட்டிதான் அவளுக்குக் கிடைத்த இடம்.

அப்படியே போட்டால் எறும்பு வரும், எலி வரும், மசாலா வாசனை படிக்கட்டு வரைக்கும் வீசும். ஒவ்வொன்றையும் மாப்பு அலசும் தொட்டியில் சோப்புப் போட்டுக் கழுவினாள். பக்கெட் விளிம்பில் காயவைத்தாள். காய்ந்ததும் அவள் கை தானாக மடித்தது. நீளவாக்கில் மூன்றாக, பிறகு முனையை உள்ளே திருப்பிச் செருகி, வெற்றிலை மடிப்பதுபோல. ரப்பர் பேண்டு இல்லாமலே பிரியாது, சத்தமும் போடாது.

அது இரண்டு வருஷப் பழக்கம். அழுக்குக் கவர்களைக் குப்பை வண்டிக்காரர்கள் எடுக்க மாட்டோம் என்று விட்டுவிட்டுப் போன சமயத்தில், காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் கிருஷ்ணப்பா எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, கழுவி, காயவைத்து, மடித்துத்தான் போட வேண்டும் என்று செய்து காட்டினார். மற்றவர்கள் ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள். குளோரியா விடவில்லை, பையைக் கட்டுவதற்கு முன் கவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கழுவுவாள். வண்டிக்காரன் அவள் பையைத் தூக்கும்போதெல்லாம், "இன்னாக்கா, பீடாக் கடை வச்சிருக்கியா?" என்று சிரிப்பான். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

*

பெட்டி நிறைய நிறைய அவளுக்குத் தூக்கம் குறைந்தது.

அவளைப் பயமுறுத்தியது ஆஞ்சலாவுக்கு நடந்தது. ஐந்தாம் மாடியைப் பெருக்கிய ஆஞ்சலாவிடம் கமிட்டிக்காரர்கள், இந்தக் கவர் எந்த மேஜையில் எடுத்தது என்று கேட்டார்கள். அவளும் கையை நீட்டிக் காட்டிவிட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். இரண்டு நாளில் அந்த செக்ஷனிலிருந்து, ஆஞ்சலா சரியாகப் பெருக்குவதில்லை, பாத்ரூம் நாறுகிறது என்று எழுதிப் போட்டார்கள். மறுநாள் கிருஷ்ணப்பா அவளிடம், கொஞ்ச நாள் வீட்டில் இரு, சொல்லி அனுப்புகிறேன் என்றார். இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

"அது வாய வச்சிக்கினு சும்மா இருந்திருக்கணும்," என்று இரண்டாம் மாடிக்காரி சரளா சொன்னாள். "இல்லேன்னா காமிச்ச கைய ஒடச்சிக்கினு இருக்கணும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அவரவர் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டார்கள்.

ஆஞ்சலாவுக்கு வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். குளோரியாவுக்கு ஓஸ்வால்ட் மட்டும்தான். அவனுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அது நடப்பது அவளுடைய ஈஎஸ்ஐ கார்டில். கார்டு இருப்பது இந்த வேலையில். வேலை போனால் கார்டு எத்தனை நாளைக்கு உயிரோடு இருக்கும் என்று ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மூன்று மாதம் என்றார் ஒருவர், ஆறு மாதம் என்றார் இன்னொருவர். கவுன்டரில் போய்க் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கேட்டால், ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்பார்கள்.

ஒருநாள் டிபன் பாக்ஸ் நினைவுக்கு வந்தது. கேட்டில் பையைத் திறப்பார்கள். எச்சில் டிபனை யாரும் திறப்பதில்லை. ஒரு நாளைக்கு நான்கு, ஐந்து மடிப்புகளை டிபனுக்குள் வைத்து மூடி ஈஜிபுரா வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு சாயங்காலமும் கேட்டில் பையைத் தானே அகலத் திறந்து நீட்டுவாள். வாட்ச்மேன் அவள் பைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஊட்டா ஆயிதா?" என்று சாப்பாடு ஆனதா என விசாரிப்பான். ஆயிற்று என்பாள்.

ஓஸ்வால்ட் நாலாம் நாளே கண்டுபிடித்துவிட்டான். கட்டிலில் உட்கார்ந்தபடி ஒரு மடிப்பை எடுத்துப் பிரித்து, அதில் போட்டிருந்த உருளைக்கிழங்கு வறுவல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். உப்பு, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், ஒரு சொம்புக்கு மேல் தண்ணீர் எதுவும் அவனுக்கு ஆகாது.

"எனக்குக் காட்டாம நீ மட்டும் துன்னுட்டு வர்றியா குளோரி?"

"ஆமா. ஆபீஸ்ல எனக்குத் தட்டுல வச்சுக் குடுக்கறாங்க."

அவன் கவரை மூக்குக்குக் கொண்டுபோனான். "சோப்பு வாசனதான் வருது," என்றான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கையில் ஊசி போட்டுப் போட்டு நரம்பு கயிறுபோல் புடைத்திருந்த இடத்தை மெல்லத் தடவிக்கொண்டிருந்தான். அவள் அடுப்பைப் பற்ற வைத்த பிறகு, "பெட்டியில இன்னும் எவ்ளோ இருக்கு?" என்று மட்டும் கேட்டான்.

"நாப்பது இருக்கும்."

அந்த வியாழக்கிழமை விவேக் நகரில் பஸ்ஸை விட்டு இறங்கி, குழந்தை ஏசு கோவிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். மற்றவர்கள் வேலை வேண்டும், வீடு வேண்டும், பிள்ளை வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள். அட்டைப்பெட்டி காலியாக வேண்டும் என்று எந்த வார்த்தையில் கேட்பது என்று தெரியாமல் குளோரியா சும்மா நின்றுவிட்டு வந்தாள்.

*

அடுத்த வெள்ளிக்கிழமை கீழ்த்தளத்து ஹாலில் விழா என்று சொன்னார்கள். மூன்று வெள்ளியாகச் சிவப்புப் புள்ளி விழாத மாடிக்குக் கேடயம் கொடுப்பார்கள். ஊழியர்களுக்கு உடல்நல முகாம் நடக்கும். மேலிடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். முதல் வாரத்துக்குப் பின் மூன்றாம் மாடிக்குப் புள்ளியே விழவில்லை. மமதா மேடம் மேஜைகளில் சின்னத் தொட்டிச்செடிகள் வைக்கச் சொன்னாள்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு முகாமுக்கான எடை பார்க்கும் மெஷின் வந்து இறங்கியது. இரண்டு நாளைக்கு அதைப் பத்திரமாகப் பூட்டி வைக்க ஓர் இடம் வேண்டும். கீழே இடமில்லை. மூன்றாம் மாடித் துடைப்ப அறையில் வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். கிருஷ்ணப்பா தன்னிடமிருந்த சாவியால் திறந்தார். மெஷின் சுவரோரமாக நிற்க வேண்டுமென்று பினாயில் கேன்களை நகர்த்தினார்கள். கேன்களுக்குப் பின்னால் இருந்த பெட்டியையும் இழுத்தார்கள்.

குளோரியா அப்போது நடைபாதை கடைசியில் மாப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். அறையிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. பேச்சு நின்றதுதான் அவளை நிமிர்ந்து பார்க்க வைத்தது.

கிருஷ்ணப்பா ஒரு மடிப்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். யாருடையது என்று அவர் கேட்கத் தேவையிருக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் அப்படி மடிக்கிற கை ஒன்றுதான்.

அவர் அவளைத் திட்டவில்லை. படிக்கட்டு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கே வியர்த்திருந்தது. ஆபீஸ் ஆட்களின் பெயர் வெளியே வந்தால் செக்ஷனே சேர்ந்து காண்ட்ராக்டரை மாற்றச் சொல்லும், பதினான்கு பேரின் வேலை போகும், அதில் தன்னுடையதும் ஒன்று என்று தணிந்த குரலில் சொன்னார். வருகிற ஒன்றாம் தேதி, வேலையில் யார் யார் தொடர்வது என்கிற புது லிஸ்ட் போக வேண்டும் என்றும் சொன்னார்.

"நீ சாப்ட்டேன்னு சொல்லிடு குளோரியம்மா. ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தா முடிஞ்சிடும். லிஸ்ட்ல உன் பேர நான் வைக்கிறேன்."

"அண்ணா, எல்லாமே நான் சாப்ட்டேன்னு சொன்னா நம்புவாங்களா?"

கிருஷ்ணப்பா அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பின்கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நம்பணும்னுதான் உக்காந்திருக்காங்க," என்றார்.

*

கமிட்டித் தலைவர் சீனிவாசராகவன் ரிட்டையராக ஒரு வருஷம் இருப்பவர். தினமும் விடியற்காலையில் லால்பாக்கில் ஐந்து சுற்று நடப்பவர். நல்ல மனிதர் என்று கட்டடம் முழுக்கப் பெயர். அவருடைய அறையில் மேஜைமேல் ஒரு செய்தித்தாளை விரித்து, அதன்மேல் அட்டைப்பெட்டியை வைத்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் மமதா மேடம். ஓரமாக, எழுதுவதற்குத் தயாராக, கிளார்க் தினேஷ். கதவருகே கிருஷ்ணப்பா. அந்தப் பெட்டியில் இருந்த பச்சைக் கவர்களில் பாதி தினேஷின் கூடையில் எடுத்தவை.

குளோரியாவை உட்காரச் சொன்னார். அவள் நின்றாள்.

"இத்தனையும் நீயாம்மா சாப்பிட்டே?"

மின்விசிறி சுற்றியது. செய்தித்தாளின் முனை எழுந்து எழுந்து படிந்தது. குளோரியா மமதா மேடத்தைப் பார்த்தாள். மேடம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே இறுகி மூடியிருந்தது. ஓஸ்வால்டின் ஆஸ்பத்திரிக் காகிதங்களை இங்கிலீஷில் நிரப்பிக் கொடுத்தது அந்தக் கைதான். போன வருஷம் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ததும் அந்தக் கைதான். குளோரியா காத்திருந்தாள். அறையில் இருந்த எல்லோருமே காத்திருந்தார்கள். அவள் வாயிலிருந்து வேறு ஏதாவது வந்துவிடப் போகிறதே என்கிற பயம் அந்த நாலு பேரிடமும் இருந்ததை அவள் உணர்ந்தாள். தன்னைப் பார்த்தும் பயப்பட ஆள் உண்டு என்று தெரிந்தபோது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"ஆமா சார்."

"ஏம்மா?"

இதற்குக் கிருஷ்ணப்பா சொல்லித் தரவில்லை.

"நல்லா இருந்திச்சி சார்."

தினேஷ் குனிந்துகொண்டான். சீனிவாசராகவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஒரு மடிப்பை எடுத்துப் பிரிக்கப் பார்த்தார். பிரியவில்லை.

"சாப்பிட்டுட்டு அலம்பி, மடிச்சு வேற வச்சிருக்கியே. அது எதுக்கு?"

"அழுக்கா இருந்தா வண்டிக்காரன் எடுக்க மாட்டான் சார்."

அந்த அறைக்குள் அதுவரை அவள் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம். அவர் தலையை ஆட்டினார். குரல் இன்னும் இளகியது.

"உன்னைத் திட்டறதுக்காகக் கூப்பிடலம்மா. உன் உடம்புக்காகச் சொல்றேன். இத்தனை எண்ணெய், இத்தனை உப்பு. ஆத்துல யாருக்காவது பீபி, கிட்னி, அந்த மாதிரி ஏதாவது இருக்கா?"

"வூட்டுக்காரருக்குக் கிட்னி சார். டயாலிசிஸ் நடக்குது."

"பாத்தியா," என்றார் அவர். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "இதுக்குத்தான் சொல்றது."

தினேஷ் கன்னடத்தில் எழுதினான். எழுதியதை உரக்கப் படித்தான். குளோரியாவாகிய நான், கடந்த ஒரு மாத காலமாக, தடைசெய்யப்பட்ட தின்பண்டங்களை அலுவலகத்துக்குள் கொண்டுவந்து சாப்பிட்டு, கவர்களை மறைத்து வைத்தேன். மூன்றாம் மாடி ஊழியர்கள் எவருக்கும் இதில் சம்பந்தமில்லை. படிக்கும்போது அவன் குரலில் தடுமாற்றம் இல்லை. கையெழுத்துப் போடுகிற இடத்தை விரலால் காட்டினான். குளோரியா தமிழில் தன் பெயரை எழுதினாள். சீனிவாசராகவன், முகாமில் முதல் ஆளாக அவளைச் சேர்க்கச் சொன்னார். ஆலோசனை யாருக்குத் தேவையோ அவர்களுக்குத்தான் முதலில் கிடைக்க வேண்டும் என்றார்.

அன்று சாயங்காலம் மாப்பு பக்கெட்டின் மூடிமேல் இரண்டு வாழைப்பழங்கள் இருந்தன. மமதா மேடம் வைத்தது என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்குக் கொண்டுபோனால் அவன் சாப்பிட முடியாது. அவன் எதிரில் அவளும் சாப்பிட மாட்டாள். படியில் உட்கார்ந்து ஒன்றை உரித்தாள். ஒரு கடி கடித்துவிட்டுத் தோலை மறுபடி மூடினாள்.

லிஸ்ட்டைப் பற்றிக் கிருஷ்ணப்பாவிடம் கேட்டாள். "ஃபங்ஷன் முடியட்டும், பாக்கலாம்," என்றார். புதன்கிழமை பதினொரு மணிக்கு, வைக்கிறேன் என்றவர், சாயங்காலத்தில் பார்க்கலாம் என்கிறார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தையே அவள் நடந்துகொண்டிருந்தாள்.

*

வெள்ளிக்கிழமை காலை துடைப்ப அறையின் கதவைக் கழற்றி எடுத்திருந்தார்கள். இனி உள்ளே இருப்பது எல்லாம் வெளியே தெரிய வேண்டும் என்று உத்தரவாம். அன்று உள்ளே வரும்போதே கேட்டில் வாட்ச்மேன் டிபன் பாக்ஸையும் திறக்கச் சொன்னான். அவள் திறந்தாள். இரண்டு சப்பாத்தியும் ஊறுகாயும். அவன் சாப்பாடு ஆனதா என்று கேட்கவில்லை.

இனிமேல் கூடைகளில் ஒன்றும் இருக்காது என்றுதான் நினைத்தாள். அவ்வளவு நடந்தபிறகு எப்படி இருக்கும்? பதினைந்து கூடைகள் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. பதினாறாவது தினேஷின் கூடை. விரலை விட்டதும் அது பேசியது. பச்சைக் கவர், பெரிய சைஸ், உள்ளே இன்னும் தூள் ஒட்டியிருந்தது.

குந்தியபடியே உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்குப் பையைப் பிரிப்பார்கள். இன்று மேலிடத்து ஆட்களும் நிற்பார்கள். அறைக்குக் கதவில்லை. டிபனுக்கு மறைவில்லை. கை தானாக நீளவாக்கில் ஒரு மடிப்பு மடித்துவிட்டிருந்தது. அதைக் கண்டதும் சுட்டதுபோல விரித்தாள். மடித்தால் அது அவளுடையது. கசக்கினாள். கைக்குள் ஒடுங்கியது, கையைத் திறந்ததும் நொறநொறவென்று விரிந்து எழுந்தது.

லிஃப்ட் ஏறி வருகிற சத்தம் கேட்டது. அவள் முந்தானையை விலக்கி, கவரை ஜாக்கெட்டுக்குள் திணித்து, இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பைகள் பிரிக்கப்பட்டன. மூன்றாம் மாடிப் பையில் காகிதமும் பென்சில் சீவலும் மட்டும் இருந்தன. மேலிடத்து ஆள் ஒருவர் போட்டோ எடுத்தார். குளோரியா பத்தடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மூச்சை ஆழமாக இழுத்தால் அது பேசும். கால் மூச்சு, அரை மூச்சாக விட்டுக்கொண்டாள். எண்ணெயும் மசாலாவும் வியர்வையில் ஊறி மார்பில் எரிந்தன. வீட்டுக்குப் போனால் ஓஸ்வால்டுக்கு இன்று சோப்பு வாசனை வராது என்று நினைத்தாள். வீட்டுக்குப் போவதற்குக் கேட்டைத் தாண்ட வேண்டும் என்று பிறகு நினைத்தாள்.

ஹால் நிரம்பியிருந்தது. மேடையில் கேடயமும் பழத்தட்டும். மேடைக்குக் கீழே அந்த மெஷின், பக்கத்தில் ஒரு நர்ஸ், ஒரு கட்டு அச்சடித்த ஃபாரம். மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். சரளா அவள் முழங்கையைத் தொட்டு, "போக்கா," என்றாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். இரும்பு சில்லென்றிருந்தது. நர்ஸ் எண்ணைப் பார்த்தாள். குளோரியாவைப் பார்த்தாள். இறங்கச் சொல்லி, மெஷினைக் காலால் சற்று நகர்த்திச் சமமாக வைத்து, மறுபடி ஏறச் சொன்னாள்.

"முப்பத்தெட்டு," என்றாள் தாழ்ந்த குரலில், பக்கத்தில் லிஸ்ட்டோடு நின்ற தினேஷிடம். "மெஷின் சரிதான். இவங்களுக்கா இந்த ஃபாரம்?"

தினேஷ் லிஸ்ட்டில் விரலை ஓட்டினான். விரல் ஒரு பெயரில் நின்றது. "ஆமா, இவங்கதான். கவுன்சலிங் லிஸ்ட்," என்றான்.

வேறு ஃபாரம் இல்லை. நர்ஸ் கொஞ்ச நேரம் பேனாவைக் காகிதத்தின்மேல் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, அச்சடித்திருந்ததை ஒவ்வொன்றாகப் படித்து டிக் போட்டாள். எண்ணெய்ப் பண்டங்களைத் தவிர்க்கவும். உப்பைக் குறைக்கவும். லிஃப்ட்டுக்குப் பதிலாகப் படிகளைப் பயன்படுத்தவும். தினமும் அரைமணி நேரம் நடக்கவும். எடையைக் குறைக்கவும்.

"மூச்சப் புடிக்காதீங்கம்மா," என்றாள் நர்ஸ். "எடை பாக்கறதுக்கு மூச்சப் புடிக்க வேணாம்."

குளோரியா தலையாட்டினாள். மூச்சை விடவில்லை.

மேடையில் மூன்றாம் மாடியின் பெயரை வாசித்தார்கள். மமதா மேடம் புடவையைச் சரிசெய்துகொண்டு படியேறினாள். சீனிவாசராகவன் கேடயத்தை நீட்டினார். ஹால் முழுக்கக் கைதட்டல் எழுந்தது. பின்வரிசையில் நின்றவர்களும் தட்டினார்கள், தினேஷ் லிஸ்ட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினான்.

அந்தச் சத்தத்துக்குள், மெஷின்மேல் நின்றபடியே, குளோரியா மெல்ல மூச்சை விட்டாள்.